கைப்பின்னலும் கடைமுடிப்பும்

தமிழில் நூல் என்னும் ஒரு சொல்லே இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் இவ்விரண்டையும் இணைத்து ஓர் உருவகம் அமைத்திருக்கின்றார். சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அவன் அறிவு கதிராகவும் அங்கே நிற்கின்றன. இலக்கண வகுப்பில் இதனை நெட்டுருப் பண்ணிய காலத்தில் அதன் அழகை வியந்தோம். ஆயினும் இராட்டை சுற்றிப் பழகிய எவரும் அவ்விடத்தில் முனிவரிடம் ஒரு சிறு வினா எழுப்புவர். கதிரில் ஏறிய அளவிலே நூல் முடிந்துவிடுமோ? கதிரிலிருந்து இறங்கிய இழை இன்னும் பாதி நூலே. எஞ்சிய பாதி வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது.

பருத்தி இழை கதிரில் இறுகச் சுற்றியிருக்கும்வரை முறுக்கு அதனுள் அடைபட்டு நிற்கும். எடுத்துத் தளரவிட்டால் தானே சுருண்டு, ஒன்றோடொன்று பிணைந்து சிக்காகும். அதனைச் சிட்டமாகச் சுற்றி, நான்கிடங்களில் தளர்வாகக் கட்டி, நீரில் ஊறவைத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்திய பின்னரே முறுக்கு அடங்கி நிலைபெறும். வெள்ளைவெளேரென்று தோன்றும் பஞ்சிலும் இயற்கையான மெழுகுப் பசை உண்டு. ஆகையால் புதிதாக நூற்ற சிட்டத்தை நீரில் இட்டால் எளிதில் நனையாமல் மிதக்கும். சலவைச் சோடாவும் சவுக்காரமும் சேர்த்துக் காய்ச்சினால் அப்பசை கழன்றுபோம். அவ்வேளையில் பாத்திரத்து நீர் தேயிலைச் சாறு போலப் பழுப்பாவதைக் கண்டு, முதன்முறை செய்வோர் நூலே கெட்டுவிட்டதென்று அஞ்சுவது வழக்கம். இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்க விரும்புவோர், அவற்றை நூற்ற திசைக்கு எதிர்த்திசையிலே முறுக்குதல் வேண்டும். அளவு சரியா தவறா என்பதை அறியக் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. சிட்டத்தை ஒரு விரலில் தொங்கவிட்டால் போதும்; நேராகத் தொங்கினால் முறுக்குச் சமன், தானே திருகிக்கொண்டால் அன்று. காந்தியடிகள் 1925-ஆம் ஆண்டு தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் விதிகளில், முதல் வகுப்பு உறுப்பினர் மாதந்தோறும் தாமே நூற்ற 1,000 கஜம் நூலைச் செலுத்துதல் வேண்டும் என்றிருந்தது. அந்நூல் நன்கு முறுக்கேறியதாயும் ஒரே சீராயும் இருத்தல் வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியிருந்தனர். நூற்றோம் என்று சொல்வது போதாது என்பதை அச்சங்கத்தார் அறிந்திருந்தனர் போலும்.

கம்பளிப் பின்னல், குரோஷாப் பின்னல், ரேந்தை வேலை ஆகிய எல்லாவற்றிலும் இந்நிலையே காணப்படும். பின்னுவது ஒரு வேலை. பின்னியதை முடிப்பது வேறொரு வேலை. முன்னது கைக்குப் பழகிய தாளத்தில் செல்லும். பேசிக்கொண்டே செய்யலாம், பேருந்திலும் செய்யலாம், ஜெபக்கூட்டம் தொடங்குமுன் கோவில் திண்ணையிலும் செய்யலாம். பின்னதற்கு மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், அளவுகோல் வேண்டும், வாய் மூடியிருத்தல் வேண்டும். நம் வீடுகளில் பரணையும் பெட்டியையும் திறந்து பார்த்தால், பின்னி முடிந்தும் சேர்க்கப்படாத முன்பக்கமும் பின்பக்கமும், கைவைக்கப்படாத சட்டையும், கரை கட்டப்படாத மேசைவிரிப்பும், இணையில்லாத ஒற்றைக் காலுறையும் கிடப்பதன் காரணம் இதுவே. சோம்பல் என்று இதனைப் பழிப்பது சரியன்று; ஓராண்டு காலம் நாள்தோறும் பின்னியவளைச் சோம்பேறி என்பது யாங்ஙனம்? அவள் விரும்பிய வேலை முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது அவள் விரும்பாத வேலை. தமிழில் முடித்தல் என்பதற்கு நிறைவேற்றுதல் என்றும் முடிச்சிடுதல் என்றும் இருபொருள் உண்டு. நெசவாளர் வீட்டில் சேலை தறியிலிருந்து இறங்கிய பின்னும், முந்தானையில் தொங்கும் பாவுநூல்களைப் பிரித்துக் குஞ்சம் முடிவதற்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்க்கு, இவ்விரு பொருளும் வேறு வேறல்ல என்பது விளங்கும்.

இவ்வளவு விரிவாக யான் இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. வேதியியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சென்ற ஆண்டின் பெரும்பகுதி மாலைகள் ஒரு போர்வையை முடிப்பதிலே கழிந்தன. அப்போர்வை என் தாயாருடையது.

தாயார் இடையன்குடிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர். அப்பகுதியில் ரேந்தை என்பது பெண்மக்களின் கையோடு வளர்ந்த கலை. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் ஐயரின் மனைவியார் மார்த்தா அம்மையார், அங்கிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் ரேந்தை பின்னக் கற்பித்தார். அவர் மகளார் எலைசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அக்கலையும் உடன் வந்தது. அப்பெண்கள் பின்னியவை கடல் கடந்து விலைபோயின. திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்படுமுன், ரேந்தைக்குக் கிடைத்த கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் இருந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். மெல்லிய நூற்பின்னல் ஒன்றின் விலை அத்துணைப் பெரியதாய் இருந்தமையால், அதன் முடிப்பில் குறை இருக்க இடங்கொடுத்திரார் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கதே.

ரேந்தையை முடிக்கும் முறையைத் தாயார் தம் பாட்டியாரிடம் கற்றார். திண்டின்மேல் மாதிரித்தாளைப் பதித்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணையிணையாய் மாற்றி மாற்றிப் பின்னியது நிறைவெய்தியதும், ஒவ்வோர் இணையையும் முடிச்சிட்டு நறுக்கி, ஊசிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்குவர். பல வாரம் விரலும் வியர்வையும் பட்ட நூல் மங்கியிருக்கும். அதனைக் கசக்கித் துவைத்தலாகாது. ஒரு கண்ணாடிப் புட்டியின்மேல் வெள்ளைத் துணியைச் சுற்றித் தைத்து, அதன்மேல் ரேந்தையை மடிப்பின்றிச் சுற்றி, புட்டியோடு சவுக்கார நீரில் இட்டுக் காய்ச்சுவர். அலசிய பின், மிக மெல்லிய கஞ்சி தோய்த்து, ஓரத்துச் சிறு வளையங்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாய் இழுத்து நிமிர்த்தி உலர்த்துவர். ஒரு முழ ரேந்தைக்கு அரைநாள் போய்விடும் என்று தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

பின்னர் அவர் ஓர் ஆரம்பப் பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாய் இருந்தார். தையல் வகுப்பும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. மாணவி கொண்டுவரும் துணியின் அழகுப் பக்கத்தை அவர் முதலிற் பார்ப்பதில்லை. கையில் வாங்கியதும் திருப்புவார். பின்பக்கத்தில் நூல் தாவியிருக்கின்றதா, முடிச்சுத் துருத்துகின்றதா, நுனிகள் தொங்குகின்றனவா என்று பார்த்துவிட்டே முன்பக்கத்துக்கு வருவார். இக்காலத்துக் கைவேலைக் கண்காட்சிகளில் துணியைச் சுவரிலே மாட்டிவைத்துப் பரிசு கொடுக்கின்றனர். நடுவர் திருப்பிப் பார்க்க வழியே இல்லை. இதனைக் கண்டு தாயார் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார்.

என் தங்கை உதகமண்டலத்தில் வாழ்கின்றாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த ஆண்டில் இப்போர்வை தொடங்கிற்று. பாளையங்கோட்டை வெயிலிலே உட்கார்ந்து கம்பளி நூல் பின்னுவது வேடிக்கையான காட்சிதான். சித்திரை மாதத்தில் உள்ளங்கை வியர்த்து நூல் ஒட்டிக்கொள்ளும். தாயார் முகத்துக்குப் பூசும் பொடியைக் கையில் தடவிக்கொண்டு பின்னுவார். எனினும் கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் அப்போர்வைக்கு வேலை இருக்கும் என்பதில் ஐயமில்லை. எட்டு அங்குலச் சதுரங்களாகப் பின்னி இறுதியில் ஒன்றாகச் சேர்ப்பது திட்டம். குழந்தைக்கென்று 20 சதுரம் என்று தொடங்கிய கணக்கு, அவள் வளர வளர 30 ஆயிற்று. பின்னர் 48-இல் வந்து நின்றது. குழந்தைக்குப் பதினான்கு வயது ஆயிற்று. சதுரங்கள் பிஸ்கோத்துத் தகரப் பெட்டியிலேயே இருந்தன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பாரிசவாதம் தாயாரின் வலப்பக்கத்தைத் தாக்கிற்று. பேச்சுத் திரும்பிற்று, நடை திரும்பிற்று, வலக்கை விரல்கள் மட்டும் முழுதும் திரும்பவில்லை. அந்நோய்க்கு முன் 45 சதுரங்கள் ஆகியிருந்தன. எஞ்சிய மூன்றையும் அவர் அந்த விரல்களைக் கொண்டே ஏறத்தாழ ஓராண்டில் பின்னினார். மூன்றாவது சதுரம் முடிந்த அன்று கொக்கி ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, என்னை அழைத்து, "இனி இது என்னால் ஆகாது, ஐயா. என் கண்ணுக்கு முன்னே நீ முடித்துவிடு" என்றார். வீட்டில் பின்னத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை. எனக்கும் தெரியாது. ஆனால் முடிப்பதற்குப் பின்னத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை என்று அவர் சொன்னார். அஃது ஓரளவுக்கு உண்மையே.

முதல் வேலை நுனிகள். ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தொடக்கத்தில் ஒரு நுனி, இறுதியில் ஒரு நுனி. ஒரு சதுரத்துக்கு எட்டாக, 48 சதுரங்களுக்கு 384 நுனிகள். கடைசி மூன்று சதுரங்களைத் தனியே எடுத்துவைக்கும்படி தாயார் சொன்னார், காரணம் சொல்லவில்லை. எஞ்சிய 360 நுனிகளை, நாளொன்றுக்கு இருபதாகப் பதினெட்டு மாலைகளில் முடித்தேன். மொண்ணை முனையுள்ள கம்பளி ஊசியில் நுனியைக் கோத்து, அதே நிறத்துக் கண்களின் ஊடே ஒருபுறம் செலுத்தி, திரும்பி, மீண்டும் வேறொரு திசையில் செலுத்துதல் வேண்டும். ஒரே திசையில் செலுத்தினால், துணியை இழுக்கும்போதெல்லாம் நுனி சிறிது சிறிதாய் வெளியேறும். மூன்று முறை திசை மாற்றினால் அதற்கு வழி தெரியாது. முடிச்சிடலாகாது, முடிச்சு உறுத்தும், ஒருநாள் மறுபக்கத்தில் தலைகாட்டும். நூல் தட்டுப்பட்ட காலத்தில் தாயார் சில நுனிகளை ஓரங்குல அளவுக்குக் குறைத்து விட்டிருந்தார். அவற்றை ஊசியிற் கோத்தபின் செலுத்த நீளம் போதாது. வெற்று ஊசியை முதலிற் கண்களின் ஊடே செலுத்தி, அதன் காது மட்டும் வெளியே நிற்கும்போது குட்டை நுனியை அதில் நுழைத்து இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு எளிய உபாயத்தை யான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. மறைத்த நுனியை உடனே கத்தரிக்கவும் அவர் விடவில்லை. கழுவும்போது துணி விரிந்து கொடுக்கும். அப்போது நுனி உள்ளே இழுபடும். ஆகையால் உலர்ந்த பின்பே கத்தரித்தல் முறை.

அடுத்தது கழுவி அளவுக்குக் கொணர்தல். கைப்பின்னலிற் சதுரம் என்று பெயர் பெறுவது சதுரமாய் இருப்பதில்லை. ஒரு மூலை சுருளும், ஒரு பக்கம் வளையும். அதனை நனைத்து, வேண்டிய அளவுக்கு விரித்து, ஊசி குத்தி உலரவிட்டால் அவ்வடிவத்திலேயே நிற்கும். இஃது ஏன் என்பதை என் பாடநூல் சொல்லும். ஆட்டுமயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மூலக்கூறுகளைப் பிணைத்து நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் நெகிழும். உலரும்போது புதிய நிலையில் மீண்டும் அமையும். வேதாகமத்து நீதிமொழிகளின் இறுதி அதிகாரத்தில் ஆட்டுமயிரைத் தேடிக் கைவேலை செய்யும் குணசாலியான ஸ்திரீயும் இதனை நன்றாய் அறிந்திருப்பாள். ஹைட்ரஜன் என்ற பெயர் மட்டுமே அவளுக்குப் புதிது.

ஆனால் பெட்டியிலிருந்த நூல் முழுவதும் ஆட்டுமயிர் அன்று. பதினான்கு ஆண்டுகளாகக் கிடைத்த கடையில் கிடைத்ததை வாங்கியது. உல்லன் என்று நம் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. இரண்டையும் கண்ணால் வேறுபடுத்துவது அரிது. நெருப்பால் வேறுபடுத்துவது எளிது. கத்தரித்த நுனி ஒன்றை இடுக்கியிற் பிடித்துச் சுடரில் காட்டினால், ஆட்டுமயிர் தீய்ந்த தலைமயிரின் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியாய் முடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியபின் கடினமான மணியாய் நிற்கும். சமையலறையில் யான் நுனிகளைக் கொளுத்திக்கொண்டிருந்த அம்மாலை, அடுத்த வீட்டார் வந்து என்ன தீய்கிறது என்று கேட்டுப் போயினர். இறுதியில் 29 சதுரங்கள் கம்பளி என்றும் 19 செயற்கை என்றும் பிரித்தோம்.

கம்பளிச் சதுரங்களைப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி வைத்தோம். அலசும் நீரும் அதே சூட்டில் இருத்தல் வேண்டும். ஆட்டுமயிரின் மேற்புறத்தில் மீன்செதிள் போன்ற நுண்செதிள்கள் உண்டு. சூட்டிலே கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, துணி சுருங்கித் தடித்துக் கெட்டித்துவிடும். பின்னர் எவராலும் அதனைப் பிரிக்க இயலாது. பிழியாமல், துண்டிற் சுருட்டி மிதித்து நீரை வாங்கினோம். கட்டில் மெத்தையின்மேல் எட்டு அங்குலக் கட்டம் வரைந்த துணியை விரித்து, பித்தளைக் குண்டூசிகளால் நான்கு மூலைகளையும் பக்கங்களின் நடுவையும் பதித்தோம். இரும்பு ஊசியாயின் துருக்கறை பிடிக்கும். ஒருமுறைக்கு ஆறு சதுரங்களே கட்டிலில் இடம்பெற்றன. அவை உலரும்வரை யான் தரையிற் படுத்தேன். செயற்கைச் சதுரங்கள் இவ்வாறு இணங்கா. குளிர்நீரில் நனைத்து இழுத்துப் பதித்தாலும், ஊசியை எடுத்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பும். சூடு காட்டினால் இணங்கும்; சற்று மிகினால் உயிரிழந்த துணியாய்த் தொய்ந்துபோம். நல்லவேளையாக, நோய்க்கு முந்திய தாயாரின் கை மிகவும் சீரானது. அச்சதுரங்கள் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடவில்லை.

தனியே வைத்த மூன்றும் இப்போது வெளிவந்தன. அவை எட்டே முக்கால் அங்குலம் இருந்தன. கண்கள் தளர்ந்து, சில இடங்களில் விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தன. ஒன்று கம்பளி, அதனை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஓரங்களை உள்நோக்கி மெல்ல மெல்லத் தட்டிக் குறுக்கி உலர்த்தியதில், எட்டேகால் அங்குலத்துக்கு வந்து அடங்கிற்று. மற்ற இரண்டும் அக்ரிலிக், அசையவில்லை. அவ்விரண்டையும் பிரித்துவிட வேண்டும் என்றார் தாயார்.

என் மனம் அதற்கு ஒப்பவில்லை. அவை இரண்டும் பின்னப்பட்ட மாதங்களை யான் நேரிற் கண்டவன். இடக்கையால் வலக்கை விரல்களை மடக்கி ஊசியின்மேல் வைத்து, ஒரு கண்ணுக்கு நான்கு முறை தவறி, ஐந்தாம் முறை இழையை இழுத்தெடுத்த கைகளின் சாட்சி அவை. சீரான நாற்பத்தைந்தை விட அவை எனக்கு மேலாகத் தோன்றின. அவற்றை ஓரத்து மூலைகளில் அமைத்து, மிகுந்த அளவைத் தையலிலே சிறிது சிறிதாய் உள்வாங்கிவிடலாம் என்று வாதித்தேன். தாயார் பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தளர்ந்த கண்ணிலே பிள்ளையின் கால்விரல் மாட்டும். ஓர் இழை அறுந்தால் அந்தச் சதுரமே போய்விடும்."

"நீங்கள் இவ்வளவு பாடுபட்டுப் பின்னியதாயிற்றே, அம்மா" என்றேன்.

"அந்தப் பாடு உனக்குத் தெரிகிறது. போர்த்துகிறவள் அவள்" என்றார்.

அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பாவிலே தொற்காள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டு அவள் செய்துகொடுத்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காண்பித்தார்கள் என்று வாசிக்கின்றோம். அவள் பெயரால் பல சபைகளில் தையற்சங்கங்கள் நடந்துள்ளன. அந்தப் பகுதியை யான் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றேன். ஆனால் அவ்விதவைகள் காண்பித்தவை முடிக்கப்பட்ட ஆடைகள், உடுத்தத்தக்க ஆடைகள் என்பது அம்மாலையிலேதான் என் நினைவுக்கு வந்தது. தொற்காளின் பெட்டியில் பாதி வேலைகளும் கிடந்திருக்கலாம். அவற்றை எவரும் எடுத்துவரவில்லை.

சதுரங்களைத் தாயார் தாமே பிரித்தார். பின்னுவதற்கு இரு கைகள் வேண்டும்; பிரிப்பதற்கு இடக்கை ஒன்றே போதும். நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வளர்ந்த சதுரம், வெளிச்சுற்றிலிருந்து உள்நோக்கிக் கழன்றது. யான் நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றிக்கொண்டே வந்தேன். சுற்றொன்று கழியுந்தோறும் நிறம் மாறிற்று: நீலம், வெள்ளை, பச்சை, கடைசியாக நடுவிலிருந்த மஞ்சள். ஒரு மாதத்து உழைப்பு ஐந்து நிமிடத்தில் கழன்றது. தாயாரின் முகத்தை யான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முறுக்கு விடவில்லை, நல்ல நூல்" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பிரித்த நூல் நெளிநெளியாய் நிற்கும். அப்படியே பின்னினால் கண்கள் சீராகா. வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டு, இரண்டு நாளில் நெளிவைப் போக்கினோம்.

அந்நூலைக் கொண்டு இரு சதுரங்களையும் பின்ன வேண்டியவன் யானே. தாயார் அருகில் உட்கார்ந்து வாயாற் சொல்ல, என் கை அதனைச் செய்தது. பவணந்தியார் வாயைக் கையென்று உருவகித்தது எனக்கு அப்போது வேறுவகையாய் விளங்கிற்று. பழகாத கை இழையை இறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் தாம் வழங்கிவந்ததினும் ஓரளவு தடித்த கொக்கி ஊசியை எடுத்துக் கொடுத்தார். "இழையை இழுக்காதே, ஐயா. அது தானே வரும்" என்பதை ஒரு மாலையில் எத்துணை முறை சொன்னாரோ அறியேன். முதற்சதுரம் எட்டு நாளும், இரண்டாவது ஐந்து நாளும் பிடித்தன.

பிறகு சேர்ப்பு. கிறிஸ்துநாதர் உடுத்திருந்த அங்கி தையலில்லாமல் மேலிருந்து முழுவதும் நெய்யப்பட்டது என்று யோவான் எழுதுகின்றார். சேவகர் அதனைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்டதும் அதனாலேயே. சதுரங்களால் ஆகும் போர்வை அதற்கு நேர்மாறு. ஆறு சதுரம் அகலமும் எட்டுச் சதுரம் நீளமும் கொண்ட இதில் சேர்க்கவேண்டிய விளிம்புகள் 82. ஒவ்வொன்றும் எட்டு அங்குலமாக ஏறத்தாழ 55 அடித் தையல். முதலில் குறுக்கு வரிகள் அனைத்தையும், பின்னர் நெடுக்கு வரிகள் அனைத்தையும் தைத்தால் மூலைகள் ஒழுங்காய் வந்து கூடும். சதுரம் சதுரமாய்ச் சேர்த்தால் நான்கு மூலை கூடுமிடத்தில் ஓட்டை விழும். விளிம்புக்கண்ணின் பின்வளையத்தை மட்டுமே ஊசியில் எடுத்தமையால், தையல் தடிக்காமல் தட்டையாய் அமைந்தது. எங்கும் இரண்டு கம்பளிச் சதுரங்களுக்கு நடுவே ஒரு செயற்கைச் சதுரம் வருமாறு தாயார் வரிசை அமைக்கப் பார்த்தார். கணக்கு முழுதும் ஒத்துவரவில்லை. நிறம் ஒத்துவந்ததோடு மனநிறைவடைந்தார். இனி இப்போர்வையைக் கழுவுவோர் செயற்கை நூலை நம்பி வெந்நீரில் இடலாகாது. கம்பளிக்குரிய வெதுவெதுப்பிலேயே முழுவதையும் அலசுதல் வேண்டும். இதனை ஒரு சீட்டில் எழுதிப் போர்வையோடு வைத்தேன்.

சுற்றுக்கரையும் முடிந்த நாளில் போர்வையைத் தாயாரின் மடியில் விரித்தேன். அவர் திருப்பினார். இடக்கை விரல்களால் வரிவரியாய்த் தடவிக்கொண்டே போய், ஐந்தாம் வரியில் ஓரிடத்திலும் ஏழாம் வரியில் ஓரிடத்திலும் நிறுத்தி, "இது நீ பின்னியது, இதுவும் நீ பின்னியது" என்றார். அளவு எட்டு அங்குலமே, நிறம் ஒன்றே, நூலும் அவர் பிரித்துத் தந்த நூலே. பிழை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கை வேறென்பது விரலுக்குத் தெரிந்துவிட்டது.

பொதியைக் கட்டித் தபாலில் அனுப்பிய ஐந்தாம் நாள் மாலையில் உதகையிலிருந்து தொலைபேசி வந்தது. தாயாருக்கு ஒரு காது சற்று மந்தம். ஆகையால் யானே பேசினேன். தங்கையின் மகள், போர்வை கிடைத்ததென்றும் அன்றிரவே போர்த்தப்போவதாகவும் சொல்லிவிட்டு, "மாமா, இதில் எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று ஆச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை" என்றாள். அதனை அப்படியே தாயாரிடம் சொன்னேன். அவர் காதைச் சாய்த்து மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார், சொன்னேன். சற்று நேரம் கழித்துத் தகரப் பெட்டியை எடுத்துவரும்படி கேட்டார். அதன் அடியில் கரை கட்டாத மேசைவிரிப்பு ஒன்றும், புட்டியிற் சுற்றியபடியே விடப்பட்ட இரண்டு முழ ரேந்தையும் இருந்தன. ரேந்தையை முதலில் எடு என்றார்.